ஒன்றையொன்று சாராத இரண்டு

ஸ்டுட்கார்ட், பிப்ரவரி. போலீஸ் கொட்டகையில்
பறிமுதலான முப்பத்தோரு சைக்கிள்கள். சாவி என்னிடம்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை.
அதில் 'குறை' என்ற இடத்தில்
அநேகமாக ஒரே வரி, என் கையெழுத்தில்:
பிரேக் இல்லை.

சட்டம் கேட்பது அதிகமில்லை.
ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள்.
ஒன்று கைவிட்டால் மற்றொன்று.
கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசித்து
யாரும் எழுதிவைக்கவில்லை என்பார்
எதிர்மேசை ஹேபர்லே.

பதினேழாம் எண், மஞ்சள், அதைக் கேட்டு
வந்தாள் ஸ்டவ்ரூலா. பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவள்.
தோளில் பை, தலைமுடியில் மழை.
"பிரேக் இல்லைன்னு யார் சொன்னது?
ரெண்டு இருக்கே" என்று
இடது காலைத் தூக்கிக் காட்டினாள், பிறகு வலது காலை.
ஹேபர்லே சிரித்துவிட்டார்.
நான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன்.
"ஒன்றையொன்று சாராதவை என்றால்..."
"சாராதவைதான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாருங்க,
ஆளுக்கொரு பக்கம் போகும்."

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில்:
"உங்க சைக்கிளை நீங்க நிறுத்துறீங்க.
நான் நிக்கிறேன். அதுவும் என்னோட நிக்குது."

நில் வேறு, நிறுத்து வேறு.
படிவத்தில் நிறுத்து மட்டும்தான் இருந்தது.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
பதினேழை முற்றத்துக்கு உருட்டி வந்தேன்.
ஐம்பத்திரண்டு வயது, எண்பத்தெட்டு கிலோ.
உருட்டும்போதே பெடல் சுற்றிவந்து
கெண்டைக்காலில் ஓர் அடி. ஏறினேன்.
முதல் சுற்று. இரண்டாம் சுற்று.
பின்சக்கரம் என் முழங்காலோடு பேசியது,
ஒவ்வொரு சரளைக்கல்லையும் தனித்தனியாக.
மூன்றாவதில், பழக்கதோஷம்,
சும்மா உருளட்டும் என்று காலை ஓய்வெடுக்க விட்டேன்.

சும்மா என்ற சொல்லே அதற்குத் தெரியாது.
இருக்கையிலிருந்து கிளப்பி
குப்பைத்தொட்டியிடம் என்னை ஒப்படைத்தது.

சரி, அவளுக்கு வரும், எனக்கு வராது.
சட்டம் எழுதியவர்கள்
யாரை மனதில் வைத்து எழுதினார்கள்?

முழங்கையில் மருந்து தடவும்போது தோன்றியது:
வைன்ஸ்டைகே இறக்கத்தில் ஒருநாள்
அந்தச் செயின் அறுந்தால்
அவள் இரண்டு காலும் காற்றைத்தான் மிதிக்கும்.
ஒரே செயினில் தொங்கும் இரண்டு
ஒன்றையொன்று சாராதவை அல்ல.
கீழே குழந்தை வண்டியோடு
சாலையைக் கடக்கும் ஒருத்தியை
யாரும் கேட்கப்போவதில்லை, நில்லா, நிறுத்தா என்று.

ஆனால் கொட்டகையில் நான்காம் எண்ணும் இருக்கிறது.
முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், தொட்டால் நிற்கும்.
ஒரு முதியவரின் இடுப்பெலும்பை உடைத்தது.
விரல்கள் அப்போது போனில் இருந்தன.
அதன் அட்டையில் 'குறை' என்ற இடம் காலி.
எத்தனை முறை பேனாவை எடுத்திருப்பேன்.

திங்களன்று வந்தாள். பழைய பிரேக் இரண்டு,
ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு,
ஜோடி சேராத காலுறைகள் மாதிரி.
பூட்டினாள். அழுத்திப் பார்த்தேன். கையெழுத்திட்டேன்.
"செயின்..." என்று ஆரம்பித்தேன்.
"தெரியும். அதுக்குத்தான் முன்னாடி உள்ளது" என்றாள்.
"பின்னாடி உள்ளது உங்களுக்கு."

வாசலைத் தாண்டியதும் குனிந்தாள்.
சின்னச் சாவி ஒன்று மினுங்கியது.
கறுப்பு பிரேக் பைக்குள் போனது.
சிவப்பு இருந்தது.

ஜன்னலில் நானும் பார்த்தேன், ஹேபர்லேயும் பார்த்தார்.
நாங்கள் இரண்டு பேர்.
ஒருவர் எழுந்திருந்தால்
மற்றவரும் எழுந்திருப்பார்.